அச்சின் தழும்பும் உளியின் வெட்டும்: தமிழகக் காசுகளில் அச்சடிப்புத் தடங்களை இனங்காணல்

ஆய்வுச் சுருக்கம்

பழங்காசின் மேல் காணப்படும் கோடு, புள்ளி, பிளவு, இரட்டை உருவம் முதலியவற்றுள் எவை அக்கசாலையில் தோன்றியவை, எவை காசு வெளிவந்த பின் ஏற்பட்டவை என்று பிரித்தறிவது காசின் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய பணியாகும். சங்ககாலக் காசுகள், சோழர் செப்புக்காசுகள், சேதுக் காசுகள், சென்னை மாகாணப் பூவராகன் வெள்ளிக்காசுகள், புதுக்கோட்டையில் கிடைத்த உரோமானியப் பொற்காசுகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு அவ்வாறு பிரித்தறியும் முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காசியல், அக்கசாலை, அச்சு வெடிப்பு, இரட்டை அடி, மேலச்சடிப்பு, தமிழ்ப் பிராமி, வெட்டுக்குறி

முன்னுரை

தமிழ்ப் பிராமி எழுத்தில் மகரத்துக்கும் மாகாரத்துக்கும் உள்ள வேறுபாடு பக்கவாட்டில் நீளும் ஒரு சிறு கோடுதான். பாறையில் வெட்டிய கல்வெட்டில் அக்கோடு விரல் நீளம் இருக்கும். பாறையின் இயற்கைப் பிளவோடு குழம்பினாலும் மீண்டும் மலையேறிச் சென்று சரிபார்க்க இயலும். காசிலோ அதே கோடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் குறைவாக இருக்கலாம். அச்சு வெடித்திருந்தாலும், தகட்டில் கீறல் இருந்தாலும், ஆற்று மணலில் உருண்டு தேய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கோடு தோன்றும். அதை உயிர்க்குறி என்று படித்தால் ஓர் அரசன் பெயர் மாறிவிடும்.

சங்ககாலக் காசுகளைப் பொறுத்தவரை இது வெறும் எச்சரிக்கையன்று. 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த சதுரச் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட பிறகும், கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' போன்ற பெயருடைய காசுகள் கிடைத்த பிறகும், சங்க இலக்கிய மன்னர்களைக் காசின் துணையால் நிறுவும் வாய்ப்பு உண்டாயிற்று. அந்த வாய்ப்பு முழுவதும் சில எழுத்துகளின் மேல் நிற்கிறது. எழுத்தைப் பற்றிய வாதம் ஏராளமாக நடந்துள்ளது. எழுத்து நிற்கும் உலோகப் பரப்பைப் பற்றிய வாதம் மிகக் குறைவு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அக்கசாலையில் நடப்பது

அக்கசாலை என்பது காசடிக்கும் இடத்துக்குத் தமிழில் வழங்கிய சொல். கொற்கைக்கு அருகில் இப்பெயரிலேயே ஓர் ஊர் இருப்பதை ஆய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர். அங்கு நடந்த வேலையை எளிமையாக இவ்வாறு கூறலாம். உலோகத்தை உருக்கிக் குறித்த நிறையுள்ள தகடாகச் செய்வர்; அல்லது நீண்ட பட்டையாக அடித்துத் துண்டு துண்டாக வெட்டுவர். பட்டையில் அசையாமல் பொருத்திய கீழச்சின் மேல் தகட்டை வைத்து, கையில் பிடித்த மேலச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் அடிப்பர். தகட்டைச் செய்யாமல் உருவத்தோடேயே அச்சுக்குழியில் உலோகத்தை ஊற்றி எடுப்பது வார்ப்பு முறை. இவற்றுக்கும் முந்தியது, ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி முளையால் அடித்த முத்திரைக்காசு முறை.

இவ்வேலையின் ஒவ்வொரு படியும் காசில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. அத்தடங்களைப் படிக்க அடிப்படையான விதி ஒன்றே. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாக இருப்பது காசில் பள்ளமாகும். எழுத்தும் உருவமும் காசில் மேடாக நிற்பதற்குக் காரணம் அவை அச்சில் குடைந்து செதுக்கப்பட்டிருப்பதே. ஆகவே அச்சில் வெடிப்பு விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அவ்வெடிப்புக்குள் புகுந்து, காசில் ஒழுங்கற்ற மேட்டுக்கோடாக எழும். காசு வெளிவந்த பின் விழும் கீறலோ பள்ளமாகத்தான் இருக்கும். அதன் இரு ஓரங்களிலும் உந்தப்பட்ட உலோகம் சிறு வரம்பாக ஒதுங்கியிருக்கும். வயலில் ஏர் உழுத சாலின் இருபுறமும் மண் ஒதுங்குவது போன்றது இது. பக்கவாட்டில் ஒளி விழுமாறு உருப்பெருக்காடியில் நோக்கினால் மேடு எது, பள்ளம் எது என்பது பெரும்பாலும் ஐயமின்றித் தெரியும். நேரே மேலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த நிழற்படத்தில் தெரியாது. வெளியிடப்பட்ட காசுப் படங்களுள் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பது வருந்தத்தக்கது.

இவ்விதிக்கு இரு விலக்குகள் உண்டு. முதலாவது களிம்பு. செப்புக்காசு மண்ணில் கிடக்கும்போது அதன் மேல் பச்சையாகவும் கருமையாகவும் படியும் களிம்பும் மேடாகவே நிற்கும். சில வேளைகளில் எழுத்தின் கோட்டை ஒட்டியே படர்ந்து, கோடு நீண்டிருப்பதுபோலத் தோன்றச் செய்யும். நிறமும் பளபளப்பும் அதைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் காசு கிடைத்த உடனே புளியும் எலுமிச்சையும் கொண்டு தேய்ப்பதும் அமிலத்தில் இடுவதும் நம்மிடையே பரவலான வழக்கம். அவ்வாறு தேய்த்த காசில் களிம்பு எது, உலோகம் எது என்று சொல்லும் சான்று அழிந்துபோகிறது. மெல்லிய உயிர்க்குறிகளும் அதோடு போகின்றன. தேய்த்த காசு கண்ணுக்கு அழகாக இருக்கலாம். எழுத்தாய்வுக்கு அது பாதிச் சான்றே.

இரண்டாவது விலக்கு வார்ப்புக்காசைப் பற்றியது. அதைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

புள்ளியும் குமிழும்

மெய்யெழுத்தின் மேல் புள்ளி இடும் வழக்கம் தமிழ்ப் பிராமி எழுத்தின் வளர்ச்சியில் பிற்பட்ட நிலைக்கு உரியது என்பது ஐராவதம் மகாதேவன் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக நிறுவிய கருத்து. எனவே ஒரு காசில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறது என்று சொல்வது, அக்காசின் காலத்தைப் பற்றியும் சொல்வதாகும். 'மாக்கோதை' என்னும் பெயரில் ககர மெய்யின் மேல் ஒரு புள்ளி தெரிவதாக ஒருவர் கூறினால், அது எவ்வகைப் புள்ளி என்று கேட்பது முதற் கடமை.

உருக்கிய உலோகம் ஆறும்போது காற்று உள்ளே சிக்கினால் குமிழ் உண்டாகும். அக்குமிழ் மேற்பரப்பில் உடைந்தால் காசில் வட்டமான சிறு குழி தோன்றும். அது பள்ளம், அச்சில் செதுக்கிய புள்ளி மேடு. இவ்வளவில் குழப்பமில்லை. ஆனால் காற்றுக்குமிழ் உலோகத்தில் இல்லாமல் வார்ப்பு அச்சின் மண்ணில் இருந்தால், உலோகம் அக்குழியை நிரப்பிக் காசில் மேடான சிறு உருண்டையாக நிற்கும். அது புள்ளியெழுத்தைப் போலவே இருக்கும். இத்தகைய உருண்டைகள் எழுத்தின் மேல் மட்டும் அமைவதில்லை; கோடுகள் சேரும் மூலைகளிலும், உருவத்தின் ஓரத்திலும், வெற்றிடத்திலும் சிதறிக் கிடக்கும். ஓர் உருண்டை எழுத்தின் மேலும் மூன்று உருண்டைகள் வேறிடங்களிலும் இருந்தால், எழுத்தின் மேலுள்ளதைப் புள்ளி என்று கொள்ள இயலாது.

அச்சடித்த காசு என்று கருதப்படும் வகையில் இத்தகைய உருண்டைகளோடு ஒரு காசு கிடைத்தால் ஐயம் வேறு திசைக்குத் திரும்ப வேண்டும். உண்மைக் காசை மண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்த்த போலிக் காசுகளில் இவ்வுருண்டைகள் மிகுதி. எழுத்தின் ஓரம் கூர்மையின்றி மழுங்கியிருத்தலும், விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடுதலும், உலோகம் ஊற்றிய வாய் உடைந்த தழும்பு ஒரு பக்கத்தில் இருத்தலும் வார்ப்பின் அடையாளங்கள். அச்சடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து வெளிநோக்கித் தள்ளப்படுவதால் மெல்லிய கதிர்க்கோடுகள் காணப்படும். தகடு போதிய அளவு சூடேறாமல் அடிக்கப்பட்டிருந்தால் விளிம்பு வெடித்திருக்கும். விளிம்பு வெடித்த காசைச் 'சேதமுற்றது' என்று ஒதுக்குவோர் உளர். அது அடிபட்ட கணத்திலேயே வெடித்தது. பெரும்பாலும் அதன் உண்மைத்தன்மைக்குச் சான்று சொல்வது அவ்வெடிப்பே.

இவ்வளவும் ஒற்றைக் காசை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு. உறுதியான முடிவுக்கு இரண்டாவது காசு வேண்டும். ஒரே அச்சில் அடித்த இரு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் ஒரு கோடு இருந்தால், அக்கோடு அச்சுக்கு உரியது. அது செதுக்கியவன் இட்ட குறியாகவோ அச்சின் வெடிப்பாகவோ இருக்கலாம். பின்னாளைய கீறலாக இருக்க இயலாது. மூன்றாவது காசும் கிடைத்து, அதில் அக்கோடு மேலும் நீண்டிருந்தால் அது வெடிப்பே. எழுத்து வளராது, வெடிப்பு வளரும். வளர்ந்த அளவைக் கொண்டு எந்தக் காசு முன்னர் அடித்தது, எது பின்னர் அடித்தது என்ற வரிசையையும் பெறலாம். ஆண்டு பொறிக்காத நம் பழங்காசுகளுக்கு இத்தகைய வரிசை சிறு செல்வமன்று.

பெரிய அச்சும் சிறிய தகடும்

இராசராசன் பெயரில் வெளிவந்த செப்புக்காசு தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பது. ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் நாகரி எழுத்தும். இலங்கையில் பின்வந்த அரசர்களும் இவ்வமைப்பையே பின்பற்றித் தம் பெயரைப் பொறித்தனர். இக்காசுகளில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி எழுத்தின் ஒரு பகுதி தகட்டுக்கு வெளியே போய்விடுவது இயல்பான காட்சி. அச்சின் பரப்பு தகட்டினும் பெரிதாக இருந்ததும், விரைந்து அடித்ததும் காரணம். தேய்ந்து மறைந்த எழுத்தும் தகட்டில் விழாமற்போன எழுத்தும் ஒன்றல்ல. முன்னதில் மங்கலான எச்சம் இருக்கும். பின்னதில் எழுத்து விளிம்பில் கூர்மையாக அறுந்து நிற்கும்.

பெயர் ஒன்றே ஓர் அரசனை மற்றோர் அரசனிடமிருந்து பிரிக்கும் இவ்வகையில், அடி நழுவினால் நேர்வது என்ன என்பதற்குச் சேதுக் காசுகள் நல்ல எடுத்துக்காட்டு. நந்தி உருவமும் அதன் கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் உடைய காசுகளை யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியவை என எச். டபிள்யூ. காட்ரிங்டன் 1924இல் வெளியான தம் நூலில் வகைப்படுத்தினார். இராமநாதபுரச் சேதுபதிகளும் சேதுவைத் தம் பெயரில் கொண்டவர்களாதலின் இவ்வகையில் எழுத்தமைதியும் உருவ நுணுக்கமும் கூர்ந்து நோக்கப்பட வேண்டியவை. சொல்லின் முதலில் நிற்பது கொம்பு. தகடு இடப்பக்கம் குறைந்தால் முதலில் வெளியேறுவது அதுவே, எஞ்சுவது 'சது'. மேல்விளிம்பு குறைந்தால் பிறைக்குறி மறையும். கொம்பில்லாத காசைத் தனி வகையென்றும், பிறையில்லாத காசை வேறோர் அரசனது வெளியீடென்றும் பட்டியலிடத் தொடங்கினால் வகைகளுக்கு முடிவே இராது. தகட்டின் எல்லையை முதலில் வரைந்து, அதற்கு வெளியே அச்சில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று மதிப்பிட்ட பின்னரே ஒன்று 'இல்லை' என்று கூறலாம்.

இரட்டை அடியும் இவ்வகைக் காசுகளில் உண்டு. முதல் அடியில் உருவம் சரியாக எழாவிட்டால் மீண்டும் அடிப்பர். இடையில் தகடு நகர்ந்திருந்தால் உருவம் இரண்டாகத் தெரியும். முதல் உருவம் நசுங்கித் தட்டையாகவும் இரண்டாவது கூர்மையாகவும் இருக்கும். அமர்ந்த அரசனுக்கு நான்கு கைகள் இருப்பதாகத் தோன்றும் காசைத் தெய்வ உருவம் என்று கொள்ளுமுன், உருவத்தின் மற்ற உறுப்புகளும் அதே தொலைவில் இரட்டித்துள்ளனவா என்று அளந்து பார்ப்பது நன்று. இதனினும் வியப்பூட்டுவது, ஒருபுறம் மேடான உருவமும் மறுபுறம் அதே உருவம் பள்ளமாக, இடம் வலமாறியும் அமைந்த காசு. அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனியாமல் அடுத்த தகட்டை வைத்து அடித்ததால் ஒட்டிய காசே அச்சாகிப் போனதன் விளைவு அது. வேலையாளின் ஒரு கணச் சோர்வு என்பதற்குமேல் அதில் பொருள் தேடத் தேவையில்லை. இன்றைய சந்தையில் 'பிழைக்காசு' என்று அதற்குப் பெருவிலை சொல்கின்றனர். பட்டறையில் இரு காசுகளைச் சேர்த்து நசுக்கியும் அதைப் போன்றதைச் செய்துவிடலாம். அவ்வாறு நசுக்கியதில் மறுபுறத்து உருவமும் தட்டையாகியிருக்கும்.

பூவராகனுக்குள் ஸ்பானிய டாலர்

அச்சடிப்புத் தடம் வரலாற்றுச் செய்தியாகவே மாறும் இடம் மேலச்சடிப்பு. ஒரு காசையே தகடாகக் கொண்டு அதன்மேல் வேறோர் அச்சை அடிப்பது இம்முறை. 1807ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் எந்திரங்களைக் கொண்டு வெளியிட்ட அரைப் பகோடா வெள்ளிக்காசில் ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரமும், மறுபுறம் திருமால் உருவமும் உள்ளன. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் மதிப்புப் பொறிக்கப்பட்டது. ஆங்கிலேயர் 'ஸ்டார் பகோடா' என்றதைத் தமிழர் 'பூவராகன்' என்றனர். பாரசீகத் தொடரும் பூவையே சொல்கிறது. ஒரே குறி ஒருவர் கண்ணுக்கு விண்மீனாகவும் மற்றவர் கண்ணுக்கு மலராகவும் தெரிந்திருக்கிறது. குறிகளைப் பெயரிட்டு விளக்கும் காசியலார் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

இவ்வரைப் பகோடாக்கள் சிலவற்றில் கோபுரத்தின் படிகளுக்கிடையே இலத்தீன் எழுத்துத் துண்டுகளும், திருமாலைச் சுற்றிய வெற்றிடத்தில் கேடயத்தின் விளிம்பும் மங்கலாகத் தெரிகின்றன. கடல்வழி வந்த ஸ்பானிய டாலர்களைக் கொண்டு அக்காசுகள் அடிக்கப்பட்டதன் எச்சங்கள் அவை. இதை இரட்டை அடியிலிருந்து பிரித்தறிவது எளிது. இரட்டை அடியில் ஒரே அச்சின் உருவம் இருமுறை வரும். இதில் அடியில் கிடப்பது வேறோர் அரசின் உருவம். அது மேலுள்ள உருவத்தோடு எக்கோணத்திலும் சாய்ந்து கிடக்கும். மேலச்சின் மேடுகள் நன்றாக அழுந்திய இடங்களில் பழைய உருவம் அழிந்தும், அழுத்தம் குறைந்த இடங்களில் எஞ்சியும் இருக்கும். அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளி சென்னைக் கடைவீதிக்கு வந்த பாதையை ஏட்டுச் சான்று இல்லாமலே இவ்வெச்சம் காட்டிவிடுகிறது. இதைக் 'குறையுள்ள காசு' என்று ஒதுக்கித் தெளிவான காசை மட்டும் காட்சிக்கு வைப்பது அருங்காட்சியக வழக்கம். அவ்வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அதே காலத்துச் செப்புக்காசுகள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அக்கசாலையில் 1808ஆம் ஆண்டு பொறித்து அடித்த பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்களை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் உடைந்து மூழ்கியது. பிற்காலத்தில் மீட்கப்பட்ட அக்காசுகள் ஒருநாளும் சென்னையில் வழங்கியவையல்ல. எனினும் பலவற்றின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, நீண்டநாள் புழங்கிய காசு போலத் தோன்றும். கைமாறித் தேய்ந்த காசில் உயர்ந்த பகுதிகளே முதலில் மழுங்கும். பள்ளங்களில் கூர்மை எஞ்சும். கடல்நீர் அரித்த காசில் மேடும் பள்ளமும் ஒருசேரப் புள்ளிபுள்ளியாகக் குழிந்திருக்கும். அமராவதி, வைகை ஆற்றுப்படுகைகளிலிருந்து வரும் காசுகளின் 'தேய்வை'க் கொண்டு அவை எவ்வளவு காலம் புழங்கின என்று கணிப்போர் இவ்வேறுபாட்டை முதலில் நோக்க வேண்டும்.

வெட்டுண்ட பேரரசர்

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டசு முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர் காலத்தவை அவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜி. எப். ஹில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய பள்ளம் உள்ளது.

இவ்வெட்டு அச்சடிப்பில் நேர்ந்ததாக இருக்க வழியில்லை. அது பள்ளம், அதன் ஓரத்தில் பொன் ஒதுங்கியுள்ளது, பல பேரரசர் காலத்து, பல அச்சுகளில் அடித்த காசுகளில் ஒரே தன்மையோடு வருகிறது. ஐரோப்பாவில் கிடைத்த இதே வகைக் காசுகளில் இவ்வழக்கம் இவ்வளவில் இல்லை. இந்தியப் புதையல்களிலேயே தோன்றுகிறது. எனவே வெட்டியவர் கை இம்மண்ணைச் சேர்ந்ததென்று கொள்வதில் தடையில்லை. ஏன் வெட்டினர் என்பதே வினா. நாணயமாக வழங்காமல் தடுப்பதற்கே என்பது ஹில் கருத்து. பொன்னின் தரத்தைச் சோதிக்கவே வெட்டினர் என்று கூறுவதும் உண்டு.

தமிழ் நாட்டில் பொற்சோதனை புதிதன்று. வண்ணக்கன் என்னும் அடைமொழி சங்கப் புலவர் சிலரின் பெயரில் நிற்கிறது. காசு நோக்குவோருக்கு அது தொழிற்பெயர். சோழர் கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு' என்று வழங்கு காசைப் பழங்காசிலிருந்து பிரித்துச் சொல்கின்றன. ஆனால் சோதனை செய்பவருக்கு விளிம்பில் ஒரு சிறு நெருடலோ கட்டளைக்கல்லில் ஓர் உரசலோ போதும். முகத்தையே தேடி வெட்ட வேண்டியதில்லை. வெள்ளி முலாமிட்ட செம்பு டெனாரியசுகளைப் பிரித்தறிய அத்தகைய வெட்டு தேவைப்பட்டிருக்கலாம். பொற்காசில் நிறையே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். இலங்கை மன்னன் வெவ்வேறு முகங்கள் பொறித்த டெனாரியசுகள் யாவும் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு வியந்தான் என்று பிளினி எழுதியிருப்பதும், இப்பகுதியில் முகத்தினும் நிறையே நோக்கப்பட்டதைக் குறிப்பால் உணர்த்துகிறது. முகத்தில் விழுந்த வெட்டு உலோகத்தை நோக்கியதன்று. அம்முகம் தரும் அதிகாரத்தை நோக்கியது என்றே கருதத் தோன்றுகிறது. இவ்வகையில் ஹில் கருத்து இன்னும் வலுவுடையது.

இதைச் சோதிக்கக் காசிலேயே வழி உள்ளது. வெட்டின் ஓரத்தில் ஒதுங்கிய பொன் மென்மையானது. சில காலம் பையிலும் கையிலும் புரண்டாலே மழுங்கிவிடும். வரம்பு கூர்மையாக இருந்தால் காசு வெட்டப்பட்ட பின் அதிகம் கைமாறவில்லை. வெட்டிய உடனே சேமிப்புக்கோ உலைக்கோ ஒதுக்கப்பட்டது என்பது பெறப்படும். வரம்பு மழுங்கி, வெட்டின் உட்பகுதியும் வழவழப்பாக இருந்தால் வெட்டுண்ட காசு மேலும் வழங்கியது என்று பொருள். அந்நிலையில் வெட்டு வழக்கை நிறுத்தும் குறியாகாது, ஏற்புக்குறியாகவும் இருந்திருக்கலாம். புதையலின் எஞ்சிய காசுகளை வரம்பின் நிலை ஒன்றை மட்டும் நோக்கி, ஒவ்வொன்றாக, பக்கவாட்டு ஒளியில் மீண்டும் படமெடுத்தால் இவ்விரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.